இறக்கை நுனியைப் பிடித்திருப்பவள்

அப்படியே பிடி என்று சொல்லிவிட்டு இவர் விமானத்தின் விலாவோரம் குனிந்துவிட்டார். அப்படியே என்றால் எப்படி? மேலே தூக்கக் கூடாது, கீழே தொய்யவிடக் கூடாது, முன்னே தள்ளக் கூடாது, பின்னே இழுக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டு வருவதும் ஏறக்குறைய இதுதான், அதனால் பழக்கம் இருக்கிறது. வலது இறக்கையின் நுனியில் நிற்கிறேன். இரண்டு உள்ளங்கையும் நுனி வளைவின் மரத்துக்கு அடியில். துணியில் விரல் படக் கூடாது. முதலில் லாரிக்காரர் மயில்சாமிதான் வந்து பிடித்தார், சாக்கு மூட்டையைப் பிடிக்கிற மாதிரி கட்டைவிரலை நடுத்துணியில் வைத்து அழுத்தினார், நான் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை பறந்துபோயிற்று. அதற்கப்புறம் ஒருவரும் ஒன்றும் கேட்காமல் நுனியை என்னிடமே விட்டுவிட்டார்கள். இடது இறக்கை காலையிலேயே கழன்றுவிட்டது. இரண்டு தட்டு தட்டினார், அதைப் பூட்டியிருந்த எஃகுப் பின் சமர்த்தாக வெளியே வந்தது. எல்லோருமாகப் பிடித்து நடந்து களத்தில் விரித்திருந்த மெத்தையின் மேல் படுக்கவைத்தோம். வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையெல்லாம் வெளியே வந்தாயிற்று. கல்யாணத்துக்கு அப்பா கொடுத்ததும் அதில் ஒன்று. அதுவும் லாரியில் இறக்கைக்கு அடியில் போகிறது, இன்றைக்கு எனக்குப் பாய்தான்.

வீட்டிலேயே விமானம் கட்டினோம் என்றால் சிரிக்காதவர்கள் கிடையாது. கோயமுத்தூரில் வீட்டுக்கு வீடு லேத் உண்டு, பம்பு செய்வார்கள், மிக்ஸி செய்வார்கள், அதெல்லாம் சரி, விமானமா என்பார்கள். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று இவருடைய பெரியப்பா மகனே விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொன்னார், இவரும் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு ரசத்துக்குக் கை காட்டினார். சிரித்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது ஒரே கேள்விதான். வீட்டுக் கேட்டு பன்னெண்டு அடி, உங்க வண்டி றெக்கைக்கு றெக்கை அதுமாதிரி ரெண்டரை மடங்கு, எப்படிங்க வெளிய கொண்டுபோவீங்க? இவர் சொல்வார், கட்டினவனுக்குக் கழட்டத் தெரியாதா. அந்தக் கழட்டுகிற நாள்தான் இது. பட்டறையிலிருந்து களத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, இறக்கைகளைப் பிரித்து, உடம்பைத் தனியாக, இறக்கையைத் தனியாக லாரியில் ஏற்றி, உடுமலை ரோட்டில் ஒரு தோப்புக்காரர் விட்டுவைத்திருக்கிற ஓடுபாதைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை விமானத் துறை அதிகாரி வந்து பார்க்கிறார். சரியென்று சொன்னால் அன்றைக்கே இவர் ஏறி உட்கார்ந்து கிளப்பிவிடுவார், தனியாக, முதல் தடவையாக. ஃப்ளையிங் கிளப்பில் படித்து உரிமம் வாங்கிய ஆள்தான், பலமுறை பறந்தவர்தான், ஆனால் அது வேறு யாரோ கட்டிய விமானம். இது நாங்கள் கட்டியது. விழுந்தால் இவர் இல்லை. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது.

டங். இது முதல் தட்டு. பித்தளைக் கம்பியைப் பின்னின் முனையில் வைத்துச் சுத்தியலால் அடிக்கிறார். இறக்கையும் உடம்பும் சேருகிற இடத்தில் கட்டைவிரல் தடிமனில் இருக்கிறது அந்த எஃகுப் பின், இவரே லேத்தில் கடைந்தது. மற்ற போல்ட்டெல்லாம் சும்மா துணைக்கு, பாரம் முழுக்க அதன்மேல்தான். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் என் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. அடி மரத்தின் வழியாக ஓடிவந்து நுனியில் என் எலும்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. டங். டங். வரவில்லை போலிருக்கிறது. அம்மிணி, சித்த மேல தூக்கு. தூக்கினேன். போதும், போதும், சித்த எறக்கு. இறக்கினேன். மயில்சாமி, நீங்க அக்கட்ட ஒரு கை குடுங்க. டங். வரவில்லை. இடது பக்கம் இரண்டு தட்டில் வந்தது இங்கே வரவில்லை. எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? சந்தோஷம். வயிற்றுக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம். ஒட்டிக்கிட்டே இரு சாமி, விட்டுராதே என்று அந்தப் பின்னைக் கும்பிட்டேன். கட்டின புருஷன் அங்கே குனிந்து இடுப்பு வலியோடு அடித்துக்கொண்டிருக்க, நான் இங்கே நின்று பின்னின் கட்சி சேர்கிறேன். இது இன்றைக்கு வந்த புத்தி இல்லை. டில்லியிலிருந்து அனுமதிக் காகிதம் வரத் தாமதமான மாதமெல்லாம் நான் நன்றாகத் தூங்கினேன். எஞ்சின் கப்பலில் மாட்டிக்கொண்டு கிடந்தபோது இவர் சோறு இறங்காமல் திரிந்தார், நான் அந்த வாரம் மூன்று தடவை பணியாரம் சுட்டேன். ஆனால் வேலை என்று வந்தால் ஒருநாளும் நான் பின்வாங்கியதில்லை, அதுதான் வேடிக்கை. பறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பறப்பதற்கு வேண்டியதையெல்லாம் செய்துகொடுத்திருக்கிறேன். உரலுக்குள் தலையை விட்டுவிட்டு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா என்பார்கள். ஆகாதுதான், ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

மூக்கு நுனியில் வியர்வை நின்று அரிக்கிறது. சொறியக் கை இல்லை. தோளில் தேய்க்கலாமென்றால் இறக்கை ஆடும், ஆடினால் அங்கே பின் இறுகும், உடனே அம்மிணி என்று ஒரு சத்தம் வரும். ஆரோக்கியசாமி அண்ணன் இறக்கையின் நடுவில் தோளைக் கொடுத்து நிற்கிறார். விமானப்படையில் இருந்து ரிட்டயர் ஆனவர், இவருடைய சிநேகிதர், வாரத்துக்கு ஒருநாள் வந்து பார்த்துவிட்டு நல்லாருக்கு என்றோ பிரிச்சுரு என்றோ சொல்லிவிட்டுப் போகிறவர். எத்தனையோ இடத்தில் பிரிச்சுரு என்றிருக்கிறார். என்னுடைய தையலில் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த இறக்கைத் துணி முழுக்க என் தையல். தையல் மிஷினில் ஓட்டுகிற வேலை இல்லை. இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, இவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், ஒரு முழ நீள ஊசி. அவர் அங்கிருந்து குத்துவார், ஊசி இறக்கையைத் துளைத்துக்கொண்டு என்னிடம் வரும், நான் மெழுகு நூலை இழுத்து முடிச்சுப் போட்டுத் திருப்பிக் குத்துவேன். நடுவில் துணி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்தச் சமயம் எங்களுக்குள் பேச்சு இல்லை. மகள் நித்திலாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவர் பட்டறையில் பசை கலந்துவிட்டார், கலந்த பசை காத்திருக்காது, மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்கள் என்று ஒட்டி முடித்துவிட்டு தலைமயிரில் பசையோடு வந்து உட்கார்ந்தார். சம்பந்தியம்மா அதை ஏதோ சொட்டைக்குத் தடவுகிற மருந்து என்று நினைத்து என்னிடம் விலாசம் கேட்டாள். அந்தக் கோபத்தில் நான் ஒரு மாசம் போல வாயே திறக்கவில்லை. ஆனால் ஊசி போய்வந்துகொண்டிருந்தது. குத்துகிற வேகத்தில் இவர் மனசு தெரியும். சமாதானம் செய்ய நினைத்த அன்றைக்கு ஊசி மெதுவாக, காதுப்பக்கம் முதலில் வருகிற மாதிரி திருப்பிக் கொடுத்தார், என் விரலில் குத்தக் கூடாதென்று. நான் அன்றைக்கும் பேசவில்லை, முடிச்சை மட்டும் கொஞ்சம் நல்லாப் போட்டேன்.

டங், டங், டங். அடி மாறியிருக்கிறது, கோபத்தில் அடிக்கிறார். நிறுத்து சென்னி, அடிச்சே ஓட்டையை ஒடச்சுப்போடுவே போல என்று ஆரோக்கியசாமி அண்ணன் இவரிடம் சொல்கிறார். மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப்போடலாம். ஊறட்டும் என்றால் நாங்கள் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும், மற்ற போல்ட்டெல்லாம் எடுத்தாயிற்று. மயில்சாமி வானத்தைப் பார்க்கிறார். வெயில் ஏறிட்டா காத்து வந்துருமுங்க, றெக்கையை வெச்சுக்கிட்டு ரோட்டுல போறது கஷ்டமுங்க. காற்று ஏற்கெனவே வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு ஆடியோடு போகத் தெரியாது, ஆவணியிலும் மிச்சம் வைத்திருக்கும். களத்தின் மேற்கு மூலையில் கிடந்த பஞ்சுக் கழிவுச் சாக்கு ஒன்று உருண்டது, வேப்பமரம் சளசளத்தது, அதற்கப்புறம் அது என்னிடம் வந்தது. என் கையில் இருந்த கனம் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், போய்விட்டது. இத்தனை நேரம் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தது ஒன்றுமில்லாமல் ஆகி, இறக்கை தானாக எழும்பி, நான் அடியிலிருந்து தாங்கியவள் இப்போது மேலிருந்து அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. துணி விம்மியது. நான் போட்ட ஒவ்வொரு முடிச்சும் இழுத்துப் பிடிப்பது விரலுக்குத் தெரிந்தது, ஒன்றுகூட முனகவில்லை. ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்கிறோம், இது பறப்பதற்கென்றே செய்தது, பறக்காமல் என்ன செய்யும். காற்று நின்றதும் கனம் திரும்பி வந்து என் கையில் உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. என்னாச்சும்மா என்றார் அண்ணன். ஒண்ணுமில்லீங்ணா, கனம் மாறுச்சு.

அதற்கு முன்னால், அந்தக் காற்று வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எதற்கோ பயந்துகொண்டிருந்தேனே, என்ன அது? வெள்ளிக்கிழமை. நான் ஓடுபாதை ஓரத்தில் நிற்பேன். கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பேன். கையில் எதுவும் இருக்காது. பயம் எப்போதும் இந்தப் படத்தில்தான் வந்து நிற்கிறது, இவர் விழுகிற படத்தில் இல்லை, நான் வெறுங்கையோடு அண்ணாந்து நிற்கிற படத்தில். கல்யாணமான புதிதில் இவரிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. அவிநாசி ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நுழைந்து ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து இவர் தோளுக்கு மேலே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருவேன், ஒருநாளும் பயந்ததில்லை. ஒருதடவை மழையில் வழுக்கி இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தோம், எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டு முதலில் சிரித்தது நான். அதே வண்டியில் இவர் தனியாகப் போய் வரத் தாமதமான இரவுகளில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். அதே வண்டி, அதே ரோடு, ஓட்டுவதும் அதே ஆள்தான். நித்திலா நேற்று போனில், அம்மா நீங்க சொன்னா அப்பா கேப்பாரு, ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க என்று அழுதாள். சொன்னால் கேட்பார். அதுதான் பிரச்சினையே. போகாதீங்க என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் இவர் விமானத்தைத் துணி போட்டு மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவார், அப்புறம் ஆயுசு முழுக்க அந்த மூடின துணியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் யோசிக்கிறேன் கண்ணு என்றேன். யோசிக்க என்ன இருந்தது, மிளகாய் காயப்போட்டிருந்தேன், போய்க் கிளறிவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது, சொன்னால் சின்னப்பிள்ளைத்தனம். விமானத்தில் இரண்டு சீட்டு, பக்கத்தில் பக்கத்தில். வலது பக்கத்தது உனக்கு என்று வரைபடம் விரித்த முதல்நாளே சொன்னார். எனக்கென்ன கிறுக்கா, பொறந்த நாள்லருந்து தரையில நிக்கறேன், இனியும் அங்கயே நிக்கறேனுங்க என்றேன். இவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்காத மனுஷன் போன மாசம் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது பாரம் சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு சாக்கில் மணலைக் கட்டி அந்தச் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார். காலையில் காபி கொண்டுபோனவள் பார்த்தேன், நான் உட்கார்ந்திருக்கிற மாதிரியே குண்டாக, சற்றே சாய்ந்து, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. உன்ற எடையில கட்டியிருக்கறேன் என்றார் பெருமையாக. எனக்குச் சுருக்கென்றது. வேண்டாமென்று சொன்னது நான், என் இடத்தில் ஒரு மூட்டை உட்கார்ந்ததைப் பார்த்துச் சுருக்கென்றதும் எனக்குத்தான். மயில்சாமி காலையில் வந்ததும் இதையும் ஏத்தறதுங்களா என்று கேட்டார். ஆமாமா, அதுதான் எங்க கோதையம்மா, பாத்து ஏத்துங்க என்று இவர் என் பெயரையே அதற்கு வைத்துச் சொல்ல, அங்கே இருந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போதும் அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, இங்கிருந்து கண்ணாடி வழியாகத் தெரிகிறது.

நகருதுங்க என்று மயில்சாமி கத்தினார். டங் என்ற சத்தம் டக் என்று மாறியிருந்தது, என் உள்ளங்கைக்கு வருவதும் வேறு மாதிரி, உள்ளே ஏதோ பிடி விட்ட மாதிரி. நகராதே என்று கும்பிட நான் மறந்துவிட்டேன். சித்த மேல அம்மிணி, இன்னும் சித்த, அப்படியே, அப்படியே. டக். டக். கறகறவென்று ஒரு இழுவை. வந்துருச்சு என்றார், ஆனால் அந்த வந்துருச்சில் சந்தோஷம் இல்லை. எல்லோரும் சேர்ந்து இறக்கையை வெளியே இழுத்தோம், ஒரு கணம் எங்கோ சிக்கி அப்புறம் வழுக்கிக்கொண்டு வந்தது, விமானம் ஒரு பக்கமாக அசைந்து நின்றது. நடந்து போய் மெத்தையில் வைத்தோம், என் அப்பா கொடுத்த மெத்தை, நீலக்கோடு போட்டது. கையை எடுத்தேன். விரல்கள் மடங்கவில்லை. கை வெறுமையாகத் தொங்கியது, வெள்ளிக்கிழமை தொங்கப்போகிற மாதிரியே, உடனே பயம் எங்கிருந்தோ ஓடிவந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இத்தனை நேரம் எங்கே போயிருந்தது அது? இறக்கை கையில் இருந்தவரை வெறும் நினைப்பாகத்தான் வந்துபோனது, இப்படி நெஞ்சை அடைக்கவில்லை.

இவர் பின்னைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேட்டியில் துடைத்தார், மறுபடி பார்த்தார். அண்ணன் வாங்கிப் பார்த்தார். நான் போய்க் கையை நீட்டினேன். இடது பக்கத்துப் பின் காலையில் பளபளவென்று வந்தது, இது செங்கல் நிறத்தில் இருந்தது. இதென்னங்க துரு, ரெண்டும் ஒண்ணாத்தானே கடைஞ்சீங்க? இவர் இறக்கை கழன்ற பொந்தைக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பொந்தின் மேல் விளிம்பில் காய்ந்த மஞ்சளும் சிவப்புமாக அடை அடையாக ஒட்டியிருந்தது. குங்குமம். அதற்குப் பக்கத்தில் கறுத்து உலர்ந்து கொட்டாங்குச்சி மாதிரி ஒரு சின்னத் தோல். எலுமிச்சம்பழத் தோல். எனக்குப் புரிந்துவிட்டது, இவருக்கு எனக்கு முன்னாலேயே புரிந்திருக்க வேண்டும். கோயிலுக்குப் போனால் செருப்பைக் காவல்காத்துக்கொண்டு வெளியே நிற்கிற மனுஷன்தான், ஆனால் ஆயுத பூஜைக்கு நாத்திகன் கிடையாது எங்கள் ஊரில். லேத்துக்குப் பட்டை, டிரில்லுக்குப் பட்டை, ஸ்பேனர் ஸ்பேனராகச் சந்தனம். விமானத்துக்கும் வைக்க வந்தபோது துணியில வெச்சீங்கன்னா கறை போகாது, இரும்பாப் பாத்து வைங்க என்று நான்தான் சத்தம் போட்டேன். இரும்பு எங்கே இருக்கிறது, பின்னின் தலையில்தான். அதனால் வருஷா வருஷம் பழத்தை அறுத்துக் குங்குமத்தில் தோய்த்து, ஒரு பாதியை முன்னால் விசிறிக்கு அடியில், இன்னொரு பாதியை மங்களமாக வலது பக்கத்துப் பின்னின் மேல். நன்றாகப் பிழிந்துவிட்டு வைப்பார், சாறு இறங்க வேண்டுமாம், திருஷ்டி கழிய. இறங்கியிருக்கிறது. திருஷ்டிக்கு வைத்த பழமே பின்னை இத்தனை வருஷம் தின்றிருக்கிறது.

எமரித் தாள் போட்டு இழைச்சா சரியாப் போயிருமுங்க என்றார், என்னிடம் இல்லை, அண்ணனிடம். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். சென்னி, மேலாப்புல இருந்தாச் சரி, நடுவுல குழி விழுந்திருக்கே என்றார். சின்னக் குழிண்ணா, கடுகு அளவு. வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றாரு, இதை விட்டா இனி எப்ப வருவாரோ. நான் பின்னை விரலில் உருட்டினேன். கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினேன், நடுப்பகுதி வந்ததும் நகம் தடுக்கியது. மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே இடத்தில் தடுக்கியது. துணி வேலை செய்கிறவளுக்கு இது தெரியாதா. எத்தனை உறுதியான துணியாக இருந்தாலும் கத்தரி முனை ஒரு நூலைத் தொட்டுவிட்டால் போதும், இழுக்கிறபோது அங்கேதான் கிழியும். ரோட்டில் கொண்டுபோக வேண்டாம், இங்கிருந்தே பறக்கலாம் என்று இருந்திருந்தால் இந்த இறக்கையைக் கழற்றியே இருக்க மாட்டோம். இந்தப் பின்னோடுதான் இவர் ஏறியிருப்பார். பின்னை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் நான் கும்பிட்டுக் கேட்டது இதோ கையில் இருக்கிறது. இதைக் காட்டி, பாத்தீங்களா, போதும், மூடுங்க என்று சொன்னால் எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் இருக்காது. நித்திலாவுக்குப் போன் போட்டுச் சொல்லலாம். நாக்கு நுனியில் வந்து நிற்கிறது அந்த வார்த்தை. இவர் என்னைப் பார்க்கிறார். பசை கலந்த அன்றைக்கு வந்து உட்கார்ந்த அதே முகம். நான் சொல்லப்போவது இவருக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளத் தயாராகவும் நிற்கிறார். காற்று மறுபடி ஒருதரம் வந்தது, மெத்தை மேல் கிடந்த இறக்கை லேசாகச் சிலிர்த்து அடங்கியது.

ஏனுங்க, இதைத் தூக்கிப் போடுங்க என்றேன். புதுசாக் கடையுங்க.

வெள்ளிக்கிழமைக்குள்ளயா என்றார்.

லாரி உடம்பையும் றெக்கையையும் கொண்டுட்டுப் போகட்டும். நாம இருந்து கடைஞ்சு எடுத்துட்டு நாளைக்குக் கார்ல போலாம். நான் கூட நிக்கறேன். ரெண்டாக் கடையுங்க.

இடது பக்கத்துக்கு என்ன கேடு? அது பளிங்காட்டம் இருக்குது.

ஒரு றெக்கைக்குப் புதுசு, ஒரு றெக்கைக்குப் பழசா? வேணாமுங்க. எனக்கு மனசு ஒப்பாது.

அண்ணன், தங்கச்சி சொல்றது ஞாயம்தான் என்றார். இவர் தலையைச் சொறிந்தார். சரி என்றார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம், நிறுத்துவதாகத்தான் இருந்தேன், ஆனால் மயில்சாமி அடுத்த வேலையைப் பார்க்க உடம்புப் பக்கம் நகர்ந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, மூட்டையை உள்ளேயே வைத்துக் கட்டிவிடட்டுமா என்று கேட்டார். அவருக்கு நான்தான் பதில் சொன்னேன், குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. அது வேண்டாமுங்க, எறக்கிப்போடுங்க. அந்த மணலை வாழைக்கு அணைச்சுவிட்டாலாவது புண்ணியம்.

இவர் புரியாமல் பார்த்தார். ஏனம்மிணி, பாரம் வேணுமல்ல?

உங்களுக்கு வேணுமின்னா வேற எடத்துல வேற பாரம் வைங்க. அந்தச் சீட்டுல வேண்டாம். எத்தனை தடவை தனியாப் பறக்கோணுமோ பறந்துட்டு வாங்க, ஆபீசர் எப்ப ஆளை ஏத்தலாமுன்னு சொல்றாரோ அன்னைக்கு நான் உக்காந்துக்கறேன். அதுவரைக்கும் அது காலியாவே இருக்கட்டும்.

அண்ணன் சட்டென்று வேப்பமரத்தில் எதையோ பார்க்க ஆரம்பித்தார். இவர் கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பதென்று தெரியாமல் லாரிப் பலகையில் வைத்து, அங்கிருந்து எடுத்து, மறுபடி வைத்தார். உனக்குப் பயமா இல்லியா என்றார் கடைசியில். இருக்குதுங்க, இப்பவும்தான். கீழ நின்னா இன்னும் ஜாஸ்தியா இருக்குது. அப்புறம் நினைவு வந்து சொன்னேன், இந்த வருசம் எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில மட்டும்தான், மேல எங்கயும் கையை வெக்கப்படாது. சரீங்க என்றார் இவர். என்னைப் பார்த்துச் சரீங்க என்று இவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மயில்சாமிக்குப் பெல்ட்டை எப்படிக் கழற்றுவதென்று தெரியவில்லை. நான் எட்டி உள்ளே குனிந்து கொக்கியை விடுவித்தேன், அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாழைப்பாத்திப் பக்கம் போனார். சீட்டில் அது உட்கார்ந்திருந்த இடம் பள்ளமாக இருந்தது, சாக்கிலிருந்து கசிந்த மணல் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. மரத்துப்போன கைதான், ஆனாலும் விரலை மடக்கி மடக்கிச் சீட்டைச் சுத்தமாகத் தட்டிவிட்டேன்.